இரண்டு சாட்சிகள் போதுமா? கத்தோலிக்கத் திருமணத்தில் அன்பும் சமூகமும்



தை பிறந்துவிட்டால் பங்கு அலுவலக மேசையில் திருமண அழைப்பிதழ்கள் சேரத் தொடங்கிவிடும். தவக்காலத்திற்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் நமது தொழிற்பேட்டைப் பகுதியில் இந்த அழைப்பிதழ்களைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும். மணமகன் வேலை பார்ப்பது ஒரகடத்தில்; திருமுழுக்குப் பெற்றது தென்கோடியில் ஒரு கடற்கரைப் பங்கில். மணமகள் வேலை பார்ப்பது சுங்குவார்சத்திரத்தில். பெற்றோர் இருப்பது விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில். திருமணம் அவள் ஊர்க்கோவிலில், வரவேற்பு அவன் ஊரில். இருவரும் வாழப்போவதோ நமது பங்கின் எல்லையில், மாத வாடகைக்கு எடுத்த ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில்.

அழைப்பிதழின் அடியில் 'சுற்றமும் நட்பும்' என்று அச்சிட்டிருக்கும். ஊரில் நடக்கும் திருமணத்திற்கு அந்தச் சுற்றம் வந்துவிடும். மூன்று நாள் விடுப்பு முடிந்து, நான்காம் நாள் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பேருந்தில் ஏறும் அந்த இளம் தம்பதியருக்கு இங்கே சுற்றம் யார்? நட்பு யார்? 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல் நமது பகுதி மாறிக்கொண்டேயிருக்கிறது. வயல்கள் போயின, சாலைகள் வந்தன, விடுதிகள் முளைத்தன. 2002இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவானபோது இங்கிருந்த பங்கு மக்கள் வேறு, இன்று ஞாயிறு திருப்பலியில் நம் அருகில் நிற்பவர்கள் வேறு. இச்சூழலில் திருமணம் என்னும் அருளடையாளத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

மணமுடித்து வைப்பவர் யார்?

'சாமியார் கல்யாணம் பண்ணி வைத்தார்' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். நமது இலத்தீன் வழிபாட்டு மரபின்படி அது சரியல்ல. மற்ற அருளடையாளங்களைக் குரு நிறைவேற்றுகிறார். திருமணத்திலோ மணமக்களே ஒருவருக்கொருவர் அருளடையாளத்தை வழங்கிக்கொள்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1623ஆம் எண்ணில் இதைக் கற்பிக்கிறது. குரு செய்வது, திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு அதை ஏற்றுக்கொள்வது. இருவரும் மனமுவந்து தரும் அந்தச் சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது. தாயோ தந்தையோ, ஆயரோ அரசோ, வேறு எந்த மனித ஆற்றலும் அந்தச் சம்மதத்திற்கு ஈடாக முடியாது என்று திருச்சபைச் சட்டம் 1057 கூறுகிறது.

இது புதிய போதனை அன்று. 866ஆம் ஆண்டில் பல்கேரிய நாட்டு மக்கள் புதிதாகத் திருமறையைத் தழுவியபோது, அவர்களுடைய அரசர் திருத்தந்தை முதலாம் நிக்கோலாசிடம் ஏராளமான கேள்விகளை எழுதி அனுப்பினார். திருமணம் எப்படி நடத்துவது என்பது அவற்றுள் ஒன்று. உரோமையில் மோதிரம் அணிவிப்பது, சீதனப் பத்திரம் எழுதுவது, முக்காடு இடுவது, முடி சூட்டுவது எல்லாவற்றையும் திருத்தந்தை தம் பதிலில் விவரித்தார். ஆனால் இவையெல்லாம் இல்லாவிட்டால் பாவம் ஒன்றும் இல்லை, ஏழைகளால் இவற்றைத் தேட முடியாது, இருவரின் சம்மதம் இருந்தால் போதும் என்று முடித்துவிட்டார். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு திருத்தந்தை, திருமணச் செலவைத் தாங்க முடியாத ஏழைகளை நினைத்துப் பார்த்திருக்கிறார்! வட்டிக்கு வாங்கிய பணத்தில் மண்டபத்திற்கு முன்பணம் கட்டும் நம் குடும்பங்கள் இதை அறிய வேண்டாமா?

இன்று நம் கோவில்களில் என்ன நடக்கிறது? மணமக்கள் வலக்கரம் பற்றித் தங்கள் சம்மதத்தை வெளியிடும் நேரத்தில் ஒளிப்பதிவாளர்களின் முதுகைத்தான் சபையினர் பார்க்கிறார்கள். ஒலிவாங்கி சரியாக வேலை செய்யாவிட்டாலும் யாரும் கவலைப்படுவதில்லை. தாலி கட்டும்போதோ எல்லாரும் எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள், கைதட்டல் அதிர்கிறது. தாலி நம் பண்பாட்டின் அழகான அடையாளம், அதில் ஐயமில்லை. எனினும் தாலி கட்டாமலேயே திருமணம் முழுமையாக நடந்துவிட முடியும். சம்மதம் இல்லாமல் நூறு தாலி கட்டினாலும் நடக்காது.

தாலி கடந்துவந்த பாதை

நம் மண்ணில் தாலிக்கும் திருமறைக்கும் உள்ள உறவு ஒரு நீண்ட கதை. இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் சற்று விரிவாகவே கூறுவோம்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் தொடங்கி, மதுரை மறைபரப்புத் தளத்தின் குருக்கள் தமிழர்களின் வழக்கங்களில் எவற்றைச் சமயம் சார்ந்தவை என்று விலக்குவது, எவற்றைச் சமுதாயம் சார்ந்தவை என்று ஏற்பது என ஆராய்ந்தார்கள். இது பெரிய விவாதமாகி உரோமை வரை சென்றது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704 ஜூன் மாதம் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது; மஞ்சள் பூசிய நூற்றெட்டு இழைக் கயிறும் கூடாது; வேண்டுமானால் சிலுவையோ, ஆண்டவருடைய அல்லது அன்னை மரியாவின் உருவமோ பொறித்த தாலியை அணியலாம் என்றது அந்த ஆணை. இன்று நாம் சிலுவைத் தாலி அணிவதன் பின்னால் இவ்வளவு பெரிய வழக்கு இருக்கிறது.

அதே ஆணையில் இன்னொரு பகுதி உண்டு; அதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. ஆறு ஏழு வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோரே பேசி முடித்து, கழுத்தில் தாலி கட்டி, அதையே பிரிக்க முடியாத திருமணமாகக் கருதும் வழக்கம் அப்போது இருந்தது. கிறிஸ்தவர்களிடையே இத்தகைய திருமணங்களை மறைப்பணியாளர்கள் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது, அவை செல்லாது என்று தூர்னோன் கட்டளையிட்டார். தமிழ்ப் பண்பாட்டை அவர் முழுமையாகப் புரிந்துகொண்டார் என்று நாம் கூற மாட்டோம். பல இடங்களில் அவருடைய அவசரம் வெளிப்படையாகவே தெரிகிறது. ஆயினும் இந்த ஒன்றில் அவர் சரியான இடத்தைத் தொட்டார். கழுத்தில் ஏறியது எது என்பதைக் காட்டிலும், அந்தப் பிள்ளை விரும்பிச் சம்மதித்ததா என்பதே கேள்வி.

1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இந்த ஆணைகளை உறுதிப்படுத்தினார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டபோது, திருமணத்தில் அந்தந்த நாட்டின் போற்றத்தக்க வழக்கங்களைக் காத்துக்கொள்ளும்படி விரும்பிக் கேட்டுக்கொண்டது. ஆகவே கூறைப்புடவையும் தாலியும் மாலையும் நம் பீடத்தின் முன் தலைநிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் இடம் சம்மதத்திற்குப் பின்னால்தான்.

ஏன் மூன்று ஓலை?

இருவரின் சம்மதமே போதும் என்றால் கோவில் எதற்கு, சபை எதற்கு, சாட்சி எதற்கு? நம் இளைஞர்கள் இதைக் கேட்கிறார்கள்; கேட்க வேண்டிய கேள்விதான்.

பழங்காலத்தில் ஐரோப்பாவில் இருவர் தனியாக ஓர் அறையில் சம்மதம் சொல்லிக்கொண்டாலும் அது திருமணம்தான் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டிருந்தது. இதனால் நேர்ந்த கொடுமை என்ன தெரியுமா? ஒரு பெண்ணிடம் மறைவாகச் சம்மதம் சொன்னவன், பின்னர் ஊரறிய வேறொரு பெண்ணை மணப்பான். முதல் பெண் நீதி கேட்டால் 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்பான். சாட்சி ஏது? 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் திருமண அறிவிப்புகளைக் கட்டாயமாக்கியது. அதுவும் போதாமல், 1563 நவம்பரில் திரிதெந்து சங்கம், பங்குக்குருவின் முன்னிலையிலும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளின் முன்னிலையிலும் நடைபெறாத திருமணம் செல்லாது என்று ஆணையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டம் 1108 குருவையும் இரண்டு சாட்சிகளையும் கேட்பது அந்த ஆணையின் தொடர்ச்சிதான். ஏமாற்றப்பட்ட பெண்களின் கண்ணீர் இந்தச் சட்டத்தின் பின்னால் இருக்கிறது.

நமது பகுதியில் இது பழங்கதையா? விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கி வேலை செய்யும் ஒரு பெண்ணிடம், யாருக்கும் தெரியாமல் மஞ்சள் கயிறு கட்டி, 'இனி நீ என் மனைவி' என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊருக்குப் போய் வேறு திருமணம் செய்துகொள்பவர்கள் உண்டு. அன்பு உண்மையானது என்றால் அது வெளிச்சத்திற்கு வர அஞ்சாது. மறைவான சம்மதத்தில் எப்போதும் வலுக்குறைந்தவரே இழக்கிறார், பெரும்பாலும் அவள் பெண்ணாக இருக்கிறாள்.

பனையோலையில் எழுதிய காலம் போய்விட்டாலும் நாம் இன்னும் 'ஓலை வாசித்தல்' என்றே சொல்கிறோம். மூன்று ஞாயிறுகள் முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. திருப்பலி முடியும் நேரம் என்பதால் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர்களே அதிகம்! தடை எதுவும் தெரிந்தால் திருமணத்திற்கு முன் அறிவிப்பது எல்லா நம்பிக்கையாளரின் கடமை என்று சட்டம் 1069 கூறுகிறது. சபை முழுவதற்கும் திருச்சபை ஒரு பொறுப்பைக் கையில் தருகிறது. ஆனால் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுடைய பெயரை இங்கே வாசித்தால் அவர்களை அறிந்தவர் யார் இருக்கிறார்கள்? ஆகவேதான் பிறந்த பங்கிலும் ஓலை வாசிக்கும்படி கேட்கிறோம். 'இங்கே ஒரு மாதத்திற்கு மேல் இருக்கிறேனே சாமி, இங்கேயே முடித்துவிடலாமே' என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒரு மாதம் தங்கியிருந்தால் அந்தப் பங்கில் மணமுடிக்கச் சட்டம் 1115 இடம் தருகிறது, உண்மைதான். இருப்பினும் திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், வேறு திருமணம் ஆகவில்லை என்ற பங்குத்தந்தையின் கடிதம், திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். ஜார்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்திருக்கும் நம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குச் சொந்தப் பங்கிலிருந்து ஒரு கடிதம் பெறுவதற்கே வாரக்கணக்கில் ஆகிவிடும். மண்டபத்தை முன்பதிவு செய்யும்முன் பங்கு அலுவலகத்திற்கு வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பவுல் எழுதியது மணமக்களுக்கா?

திருமணத் திருப்பலியில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வாசகம் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம். அன்பு எப்படிப்பட்டது, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பவுல் அடியார் வரிசையாகச் சொல்லும் பகுதி. அழைப்பிதழிலும் அச்சிடுகிறார்கள்; சுவரிலும் மாட்டுகிறார்கள். ஆனால் பவுல் இதைக் காதலர்களுக்கோ மணமக்களுக்கோ எழுதவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு பங்கிற்கு எழுதினார்!

கொரிந்து நமது பகுதியைப் போன்ற ஊர்தான். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில், பல நாட்டவரும் பிழைக்க வந்து குடியேறிய ஊர். அங்கிருந்த சபை நான்கு கட்சிகளாகப் பிரிந்து கிடந்தது: ஒருவர் பவுல் கட்சி, ஒருவர் அப்பொல்லோ கட்சி, ஒருவர் கேபா கட்சி, ஒருவர் கிறிஸ்து கட்சி. ஆண்டவருடைய திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து உண்டு குடித்துவிட்டார்கள். மற்றவர்கள் பசியோடு நின்றார்கள். 11ஆம் அதிகாரத்தில் பவுல் அதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். 12ஆம் அதிகாரத்தில், நீங்கள் எல்லாரும் ஓர் உடலின் உறுப்புகள் என்கிறார். அதன்பின் வருவதுதான் அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரம். அப்படியானால் பவுலின் அன்பு முதலில் எங்கே சோதிக்கப்படுகிறது? பந்தியில்!

திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையின் நான்காம் அதிகாரத்தில் இந்த 13ஆம் அதிகாரத்தைச் சொல் சொல்லாக எடுத்து மணவாழ்வுக்குப் பொருத்தி விளக்குகிறார். அதே மடலில் பின்னர் அந்தக் கொரிந்துப் பந்தியையும் நினைவூட்டி, நற்கருணைக்கும் ஏழைகளை மதிப்பதற்கும் உள்ள தொடர்பைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்கிறார். அழைப்பிதழ், ஆடை, விருந்து என்று ஓடி ஓடிக் களைத்துப்போய் மணமக்கள் பீடத்தின் முன் வந்து நிற்கிறார்கள் என்ற அவருடைய கவலையும் அதில் உண்டு. நம் ஊர் மண்டபங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றும்.

நம் பந்திகளை நினைத்துப் பார்ப்போம். பாத்திரம் கழுவும் அம்மாவும், இலை எடுக்கும் சிறுவனும், நாற்காலி இறக்கும் வடமாநிலத் தம்பியும் எப்போது சாப்பிடுகிறார்கள்? மணமகளோடு ஒரே லைனில் நின்று வேலை செய்யும் தோழிகள் இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருப்பார்கள். அவர்களுக்கு இடம் கிடைத்ததா? மொய் நோட்டில் பெயர் ஏறாதவர்களையும் வாசலில் நின்று வரவேற்றோமா? (மொய் நல்ல வழக்கம்தான். ஒரு குடும்பத்தின் சுமையை ஊரே பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. இப்போது கைப்பேசியில் குறியீட்டைக் காட்டிப் பணம் அனுப்பிவிட்டு, மணமக்களின் முகத்தைக் கூடப் பார்க்காமல் போய்விடுகிறோம்.) கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்துபோனதை முதலில் கவனித்தவர் அன்னை மரியா. ஆறு கல்தொட்டிகளையும் விளிம்புவரை நிரப்பியவர்கள் பணியாளர்கள். அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை; தண்ணீர் மொண்டு வந்த பணியாளருக்குத் தெரிந்திருந்தது. யோவான் இதைத் தவறாமல் குறித்து வைத்திருக்கிறார்.

'எங்கள் சமூகம்' என்றால் யார்?

இங்கே நாம் சற்றுக் கசப்பான விடயத்தைப் பேசியாக வேண்டும். தமிழில் 'சமூகம்', 'சமுதாயம்' என்ற சொற்களுக்குத் திருமணப் பேச்சில் வேறொரு பொருள் உண்டு. 'பையன் நம்ம சமூகமா?' என்று கேட்டால், கத்தோலிக்கரா என்று கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மணமகன் தேவை விளம்பரங்களில் 'ஆர்.சி.' என்ற இரண்டு எழுத்துக்குப் பக்கத்தில் சாதிப் பெயரையும் சேர்த்தே போடுகிறோம். ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தில் பங்குகொள்பவர்கள், பெண் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வேறு வேறு ஆகிவிடுகிறார்கள்.

தொழிற்பேட்டையில் பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். லைனில் பக்கத்தில் நிற்பவரின் சாதியை இயந்திரம் கேட்பதில்லை. பழகுகிறார்கள், விரும்புகிறார்கள். வீட்டில் சொல்லும்போதுதான் இடி இறங்குகிறது. 'ஊரில் தலைகாட்ட முடியாது' என்று கைப்பேசியைப் பிடுங்கி, வேலையை விட வைத்து, இரண்டு வாரத்தில் வேறொருவருக்குப் பேசி முடிக்கும் பெற்றோர் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களுக்கு ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ நடைபெறும் திருமணம் செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1103. மணமக்கள் சம்மதம் தருமுன், வற்புறுத்தல் இன்றி முழு மனத்தோடு வந்திருக்கிறீர்களா என்று குரு கேட்கிறார். அது சடங்குக்காகக் கேட்கும் கேள்வி அன்று. மிரட்டப்பட்ட பெண் அங்கே 'ஆம்' என்று சொன்னாலும், ஆயிரம் பேர் அட்சதை தூவினாலும், கடவுள் முன் அங்கே திருமணம் இல்லை.

1704இன் ஆணைக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் வீடுகளுக்கே சென்று நோயாளிகளுக்கு அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. அதை நிறைவேற்ற முடியாது என்று நாற்பது ஆண்டுகள் வாதாடினார்கள். கடைசியில், அம்மக்களுக்கென்றே தனிக் குருக்களை அமர்த்துகிறோம் என்று ஏற்பாடாகி, 1744இல் அது ஏற்கப்பட்டது. சுவரை இடிக்கச் சொன்னபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குருவை அனுப்பினோம்! 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களை ஆற்றல்படுத்துவதற்கான கொள்கையை வெளியிட்டது. 2018 மே மாதம் கேரளத்தின் கோட்டயத்தில் கெவின் ஜோசப் என்ற தலித் கிறிஸ்தவ இளைஞர் தாம் விரும்பிய பெண்ணை மணந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஆணவக் கொலை என்று அறிவித்து, பெண்ணின் அண்ணன் உட்பட 10 பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. கிறிஸ்தவர்களிடம் இது நடக்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மணமானவர்களுக்கு இடம் உண்டா?

2024 ஜூன் மாதம் நமது ஸ்ரீபெரும்புதூர் உலகச் செய்திகளில் அடிபட்டது. இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம், அப்போது நடைமுறையில் இருந்த 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. அந்த வழக்காட்டைத் தீர்ப்பது நம் வேலை அன்று. ஆனால் 'கல்யாணம் ஆகிவிட்டதா?' என்ற கேள்வி, வேலை தேடும் பெண்களின் வயிற்றைக் கலக்கும் கேள்வியாக இருக்கிறது என்பதை நம் பங்கு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெட்டியையும் தாலியையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகலாமா என்று ஒரு பெண் யோசிக்க வேண்டியிருந்தால், நாம் பீடத்தின் முன் ஆசீர்வதித்த அடையாளத்திற்கு வெளியே என்ன மதிப்பு?

அதே 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல கட்டடம், தேவையான ஏற்பாடு. குறுகலான அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலைதான். ஆனாலும் அது தனியாக வாழும் தொழிலாளிக்கான கட்டில். மணமான நாளிலிருந்து அவள் வெளியே வீடு தேட வேண்டும். முன்பணம், வாடகை, கணவனுக்கு ஒரு ஷிப்டு, மனைவிக்கு இன்னொரு ஷிப்டு. குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ள மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. உழைப்பின் அமைப்பு முறை மனிதரின் குடும்ப வாழ்வை மதிக்க வேண்டும், அதற்கு ஏற்றதாக மாற வேண்டும் என்று 1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் எழுதினார். நம் ஊரில் இன்றுவரை குடும்பம்தான் ஷிப்டுக்கு ஏற்ப மாறிக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் அன்பியம் என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. வாரத்தில் ஒருநாள் மாலை ஏழு மணிக்குக் கூடிச் செபமாலை சொல்வது நல்லது. ஆனால் மாலை ஏழு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே அன்பியம் என்றால் புதிதாக மணமானவர்கள் அதில் ஒருநாளும் சேர முடியாது. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வரும் தாயின் குழந்தையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி, வீட்டு உரிமையாளரிடம் பேசி முன்பணத்தைக் குறைக்க ஒரு பெரியவர், சண்டை வந்தால் இரு பக்கமும் கேட்டு அதட்டி வைக்க ஓர் அண்ணன், அண்ணி. கிராமத்தில் இவர்கள் கேட்காமலேயே இருந்தார்கள். சில நேரம் தேவைக்கு மேலேயே இருந்தார்கள்! இங்கே தேடி உருவாக்க வேண்டியிருக்கிறது. பங்குப்பேரவையில் இதை ஒரு முறைக்கு இரு முறை பேசலாம். திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடும் இரண்டு சாட்சிகளில் ஒருவராவது மணமக்கள் வாழப்போகும் பங்கைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது என்பதும் நம் பரிந்துரை. சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் கையெழுத்திட்டவருக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஓர் உரிமை கிடைத்துவிடுகிறது அல்லவா?

திருமணம் முடிந்தபின் பங்குத்தந்தைக்கு ஒரு சிறு வேலை பாக்கி இருக்கும். திருமண விவரங்களை மணமக்கள் இருவரும் திருமுழுக்குப் பெற்ற பங்குகளுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அங்கே பழைய திருமுழுக்குப் பதிவேட்டில், குழந்தையாக அவர்கள் பெயர் எழுதிய அதே வரிசையில், யாரை, எப்போது, எங்கே மணந்தார்கள் என்று குறித்து வைப்பார்கள். சட்டம் 1122 இதைக் கட்டளையிடுகிறது. ஆகவே எங்கே போனாலும் ஒருவரைப் பிறந்த பங்கு மறப்பதில்லை. வேறு ஊரில் மணமுடித்து நமது பங்கில் குடியேறும் தம்பதியரைப் பற்றி மட்டும் நமக்கு எந்தக் கடிதமும் வருவதில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் தானாக ஏறுவதில்லை. எனவே அன்பியப் பொறுப்பாளர்கள் அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது, தங்கள் தெருவில் கடந்த ஓராண்டில் வாடகைக்கு வந்திருக்கும் இளம் தம்பதியரின் பெயர்களையும், இருவரும் எந்த ஷிப்டில் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.